மாட்டுக்கு வேணும்னு என்கிட்ட டைக்ளோ ஊசி கேட்காதீங்க

நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க. நடுவுல கொஞ்சம் மருந்துக் கணக்கு வரும், பயந்து ஓடிடாதீங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பெரியவர். மூட்டு வலிக்கு மாசாமாசம் வர்றவர். சீட்டை வாங்கினவர் நகராம நின்னார்.

"ஏனுங்க டாக்டரு, அந்த வலி ஊசி இருக்குதில்லீங்க, டைக்ளோ, அதுல ஒரு நாலு சேத்தி எழுதிக் குடுங்க."

"எதுக்குங்கய்யா நாலு?"

"மாடு முன்னங்கால ஊன மாட்டேங்குது. போன வருசம் இப்படித்தான் கெடந்துச்சு. இந்த ஊசியப் போட்டம், மக்யா நாளே எந்திரிச்சு நின்னுக்கிச்சு."

எழுதித் தரலை. மனுஷ ஆஸ்பத்திரியில மாட்டுக்கு மருந்து தரமுடியாதுங்கறது ஒரு காரணம். அது சட்டம், ரெண்டு வார்த்தையில சொல்லிடலாம். இன்னொரு காரணம்தான் பெருசு. பின்னால அறுபது பேர் வரிசையில நிக்கும்போது அதைச் சொல்ல ஆரம்பிச்சேன். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது, இந்த டாக்டருக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சுன்னு நினைக்கிறார். அதனால நிதானமா இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு ஒப்புதல். வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதே மாதிரி வேற ஒருத்தர் கேட்டப்ப நான் எழுதிக் கொடுத்திருக்கேன். ஆஸ்பத்திரி மருந்து இல்லை, வெளிய மெடிக்கல்ல வாங்கிக்கங்கனு ஒரு துண்டுச் சீட்டு. பாவம், ஏழை விவசாயி, ஒரு மாடுதான் வச்சிருக்கார், இதுல என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன். டைக்ளோஃபெனாக் வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும், ஹார்ட்டுக்கு ஆகாது, இதெல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணினவன்தான். அது ஒரு பறவை இனத்தையே வழிச்சுத் துடைச்சிருக்குன்னு படிச்சதா எனக்கு ஞாபகமே இல்லை.

அந்தப் பறவை பாறு. பாறு கழுகுன்னும் சொல்லுவாங்க. நம்ம ஊர்ப் பக்கம் பிணந்தின்னிக் கழுகுன்னு சொன்னாத்தான் புரியும்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். "எங்க ஊர்ல கழுகு நிறைய இருக்கே டாக்டர்"னு கமெண்ட் வரும். நாமக்கல்லில் கோழிக்கழிவு கொட்ற இடத்துல வட்டம் போடுதே, அது கரும்பருந்து. வால் நடுவுல கவை மாதிரி வெட்டு இருக்கும். பாறு அது இல்லை. பாறு ரொம்பப் பெருசு, அஞ்சு கிலோ கிட்ட வரும், இறக்கையை விரிச்சா ஒரு ஆள் நீளத்தைத் தாண்டும். கழுத்துல இறகு அவ்வளவா இருக்காது. செத்த உடலுக்குள்ள தலையை விட்டுச் சாப்பிடற பிறவிக்கு இறகு இருந்தா நாறிப் போகும், அதான்.

தமிழ்நாட்டுல நாலு வகை பார்க்கலாம்: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. கடைசியா சொன்னதுதான் திருக்கழுக்குன்றம் மலைக் கோயில்ல உச்சி வேளைக்கு ஜோடியா வந்து பிரசாதம் சாப்பிட்டுட்டுப் போன கழுகு. 1990களோட அதுவும் வர்றது நின்னுபோச்சு. கலி முத்திப்போச்சு, அதான் வரலைன்னு பெரியவங்க சொல்லிக்கிட்டாங்க.

என் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். மாடு செத்தா ஊருக்கு வெளிய, திருமணிமுத்தாத்துக் கரை ஓரமா இழுத்துட்டுப் போய்ப் போட்டுடுவாங்க. (இழுத்துட்டுப் போற வேலையையும் தோல் உரிக்கிற வேலையையும் யார் தலையில கட்டி வச்சிருந்தோம்ங்கறது தனிக் கதை. வெட்கப்பட வேண்டிய கதை.) உரிச்சு முடிக்கிறதுக்குள்ள பனைமரத்து மேல வரிசையா வந்து உட்கார்ந்திருக்குமாம். ஆள் நகர்ந்ததும் இறங்கும். பொழுது சாயறதுக்குள்ள வெறும் எலும்பு மட்டும்தான் கிடக்கும். அப்பத்தாவுக்கு அந்தப் பறவை மேல பாசமெல்லாம் கிடையாது, அபசகுனம்னுதான் சொல்லும். ஆனா இல்லாமப் போகும்னு அது கனவுலகூட நினைச்சிருக்காது. காக்கா இல்லாமப் போகும்னு நாம நினைக்கிறோமா?

1980கள்ல இந்தியா முழுக்க 4 கோடி பாறுகள் இருந்திருக்கலாம்னு ஒரு மதிப்பீடு உண்டு. 1990கள்ல கூட்டங்கூட்டமா சாக ஆரம்பிச்சது. மரத்துல உட்கார்ந்தபடியே தலை தொங்கும், அப்புறம் பொத்துனு விழும். ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்துல விபு பிரகாஷ்ங்கற ஆராய்ச்சியாளர்தான் இதை முதல்ல கவனிச்சு எண்ணிக்கையோட எழுதினவர். வெண்முதுகுப் பாறு 1992ல ஆயிரம் இருந்த இடத்துல 2007ல ஒண்ணு மிஞ்சியிருந்தது. அச்சுப் பிழை இல்லை, ஆயிரத்துக்கு ஒண்ணு.

என்ன நோய்னு யாருக்கும் தெரியல. வைரஸா இருக்கும்னு தேடினாங்க. பூச்சிமருந்தான்னு பார்த்தாங்க. செத்த பறவையை அறுத்துப் பார்த்தா ஈரல், இதயம், சிறுநீரகம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படிவம். யூரிக் ஆசிட். நம்ம ஊர் பாஷையில சொன்னா கவுட், ஆனா கால் கட்டைவிரல்ல வர்றது இல்லை, உள்ளுறுப்பு முழுக்க. சிறுநீரகம் செத்துப்போனா பறவைக்கு இதுதான் கதி.

2004ல லிண்ட்சே ஓக்ஸ்ங்கற கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் பாகிஸ்தான்ல செத்த பாறுகளை வச்சு விடையைக் கண்டுபிடிச்சாங்க. கவுட்ல செத்த பறவை எல்லாத்தோட சிறுநீரகத்துலயும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேற காரணத்துல செத்ததுல இல்லை.

எப்படி வந்தது? 1990கள்ல இந்த மருந்து விலை அடிமட்டத்துக்கு இறங்கி மாட்டு வைத்தியத்துக்கு வந்தது. வலி வீக்கத்துக்கு நல்ல மருந்துதான், மறுக்கலை. ஊசி போட்ட மாடு பிழைச்சா பிரச்சினை இல்லை, சில நாள்ல உடம்பை விட்டுப் போயிடும். ஊசி போட்டும் ரெண்டு மூணு நாள்ல செத்துச்சுன்னா ஈரல்லயும் கிட்னியிலயும் மருந்து அப்படியே இருக்கும். அதைத்தான் பாறு முதல்ல கொத்தும்.

இப்ப கணக்கு. ஓ.பி.யில நமக்குப் போடற ஒரு டைக்ளோ ஊசி 75 மில்லிகிராம். ஒரு பாறைக் கொல்ல கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் போதும். அடுத்து, நூறு மாட்டுச் சடலத்துல ஒண்ணுக்கும் குறைவானதுல விஷ அளவு மருந்து இருந்தாலே, நாம பார்த்த வேகத்துல இனமே அழியும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. காரணம், ஒரு செத்த மாட்டுக்கு ஒரு பறவை வர்றதில்லை. ஊரே பந்திக்கு வரும். ஒரு மணி நேரத்துல ஒரு மாட்டை முடிச்சுட்டு எல்லாமே சேர்ந்து சாகும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை போடற பறவை, அதுவும் அஞ்சாறு வயசானப்புறம்தான். போட்டதை ஈடுகட்ட முடியுமா?

2006ல இந்திய அரசு கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செஞ்சது. நல்ல முடிவு, கொஞ்சம் வேகமாவே எடுத்தாங்கன்னுகூட சொல்லலாம். ஆனா ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை நாங்கதான். மனுஷ மருந்து.

மனுஷங்களுக்குன்னு 30 மில்லி பாட்டில்ல டைக்ளோ வந்துட்டு இருந்தது. எந்த மனுஷனுக்கு ஒரே நேரத்துல 30 மில்லி? மாட்டுக்குத்தான் அந்த அளவு தோதா இருந்தது. 2015ல மத்திய அரசு, மனுஷங்களுக்கான ஊசி 3 மில்லி ஒத்தை டோஸ்ல மட்டும்தான் வரணும்னு உத்தரவு போட்டது. மருந்துக் கம்பெனிக்காரங்க சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2017ல தள்ளுபடி ஆச்சு. 3 மில்லின்னா என்ன அர்த்தம்? 300 கிலோ மாட்டுக்குப் போட நாலு ஆம்பூல் உடைக்கணும். உடைக்கிற சிரமத்துல விட்டுடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

பெரியவர் கேட்டது எத்தனை? நாலு.

அவர் அளவு தெரிஞ்சுதான் கேட்டிருக்கார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அவர் மேல எனக்குக் கோபமே கிடையாது. மாடு படுத்துடுச்சுன்னா அந்த வீட்டுல பால் காசு நின்னுடும், சொசைட்டிக் கணக்கு நின்னுடும், அதை வச்சு வாங்கின கடன் நிக்காது. கோபம் என் மேலயும் என் மாதிரி எழுதிக் கொடுக்கிறவங்க மேலயும், சீட்டே இல்லாம அஞ்சு ஆம்பூலை எண்ணிக் கொடுக்கிற மெடிக்கல் ஷாப் மேலயும்தான். நாங்கதான் படிச்சவங்க.

டைக்ளோ மட்டும் இல்லை. அசெக்ளோஃபெனாக்னு ஒண்ணு, மாட்டு உடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபெனாக்கா மாறிடும். பேர் வேற, ஆள் அதே. கீட்டோப்ரொஃபெனும் பாறைக் கொல்லும். இது ரெண்டையும் 2023ல கால்நடைக்குத் தடை செஞ்சாங்க, பின்னாடி நிமெசுலைடையும். பாறுக்கு ஆபத்தில்லாதது மெலாக்ஸிகாம். கால்நடை டாக்டர்கிட்ட கேட்டா தருவாங்க, அதே வலி, அதே வீக்கத்துக்குத்தான்.

"சரி டாக்டர், மனுஷனே அல்லாடறான், ஒரு பிணந்தின்னிப் பறவை போனா என்ன?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதுக்குப் பதில் எங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குது. தினமும் நாய்க்கடி கேஸ். பாறு இல்லாத இடத்துல செத்த மாட்டை யார் தின்கறது? நாய். பாறோட வயித்து அமிலம் ஆந்த்ராக்ஸ் மாதிரியான கிருமியையும் தாங்கிச் செரிக்கிற அளவுக்குக் கடுமையானது. நாய்க்கு அந்த வயிறு கிடையாது. தின்னுட்டு ஊருக்குள்ள திரும்பி வரும், குட்டி போடும், கடிக்கும்.

அயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முன்னாடி பாறுகள் நிறைய வாழ ஏத்ததா இருந்த மாவட்டங்களையும், அவ்வளவா இல்லாத மாவட்டங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. பாறு அழிஞ்சப்புறம் முதல் வகை மாவட்டங்கள்ல மனுஷச் சாவு 4 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு. 2000லேர்ந்து 2005 வரைக்கும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணம்னு அவங்க மதிப்பீடு. வெறிநோய், அழுகின சடலத்தால கெட்ட தண்ணி, இப்படிப் பல வழியில. எந்த மரணச் சான்றிதழ்லயும் "காரணம்: கழுகு இல்லை"ன்னு எழுதியிருக்காது. மதிப்பீடுதான், அதுல பாதி பிழைன்னு வச்சுக்கிட்டாலும் ரெண்டரை லட்சம்.

(நாய்க்கடின்னு பேச்சு வந்துடுச்சு, டாக்டரா சொல்லாம போக முடியாது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசி 0, 3, 7, 28ஆம் நாள், ஒண்ணுகூட விடாதீங்க. வெறிநோய் அறிகுறி வந்துட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அதைப் பக்கத்துல நின்னு பார்த்தவன் சொல்றேன்.)

இன்னொரு கேள்வியும் வரும். "சேலம் நாமக்கல்ல இப்ப பாறே இல்லையே, இங்க மாட்டுக்கு டைக்ளோ போட்டா எந்தப் பாறு சாகும்?"

நியாயமான கேள்வி. நானே ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். மேப்பை எடுத்துப் பாருங்க. குமாரபாளையத்துல பாலத்து மேல நின்னு அந்தக் கரையைப் பார்த்தா பவானி, கூடுதுறை. அங்க காவிரியில வந்து சேர்ற பவானி ஆத்துக்குள்ள, பவானிசாகர்லயே இன்னொரு ஆறு கலந்திருக்கும், மோயாறு. தென்னிந்தியாவுல பாறுகள் மிஞ்சியிருக்கிற முக்கியமான இடம் அந்த மோயாத்துப் பள்ளத்தாக்குதான். ஆத்தோரம் நெடுநெடுன்னு நிக்கிற நீர்மருத மரத்து மேலதான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலக் காட்டுலயும் சேர்த்து எண்ணினாலும் சில நூறுதான் தேறும். கூடுதுறைக்குக் கீழ ஓடற காவிரித் தண்ணியில அந்த மரத்து வேரை நனைச்சுட்டு வந்ததும் கலந்திருக்கு.

பறவை பறக்கிற நேர்கோட்டுல பார்த்தா அந்தக் கூடுகள்லேர்ந்து நாமக்கல் மாவட்ட எல்லை சுமார் 100 கிலோமீட்டர். பாறுக்கு இது தூரமே இல்லை, இரை தேடி ஒரே நாள்ல நூறு கிலோமீட்டருக்கு மேல சுத்தும். பாறு பாதுகாப்பு வளையம்னு இந்தியாவுல திட்டம் போடும்போது கூட்டைச் சுத்தி 100 கிலோமீட்டர் ஆரம் எடுக்கிறதுக்கு இதுதான் காரணம். இன்னொண்ணு, மாடு ஓரிடத்துல நிக்கிற பொருளா? புதன்சந்தையில வித்த மாடு எந்தப் பக்கம் லாரி ஏறும்னு வித்தவருக்கே தெரியாது.

அதைவிட முக்கியம் இது. காட்டை வேலி போட்டு வச்சுக்கிட்டு, அந்தச் சில நூறையும் அங்கயே அடைச்சு வச்சுட்டு, காப்பாத்திட்டோம்னு சொல்லிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. பாறு காட்டுப் பறவை மட்டும் இல்லை. மாடு வச்சிருக்கிற மனுஷனோட சேர்ந்து வாழ்ந்த சமவெளிப் பறவை. அதோட வீடு நம்ம பனைமரம்தான். அது திரும்பி வரணும்னா, வந்து இறங்கற அன்னைக்கு முதல் சாப்பாடு விஷமா இருக்கக் கூடாது. இல்லாத பறவைக்காக இப்பவே மருந்தை மாத்தறது வீண் வேலைன்னு தோணலாம். வந்தப்புறம் மாத்திக்கலாம்னு காத்திருந்தா வராது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யணும்?

மாடு நொண்டுது, மடி வீங்குது, படுத்துடுச்சுன்னா 1962க்கு ஃபோன் பண்ணுங்க. மனுஷனுக்கு 108 மாதிரி கால்நடைக்கு அது. பக்கத்துல அரசு கால்நடை மருந்தகம் இருந்தா அங்க போங்க. நாமக்கல்லுல கால்நடை மருத்துவக் கல்லூரியே 1985லேர்ந்து இருக்கு, இந்தக் கொடுப்பினை எத்தனை மாவட்டத்துக்கு இருக்கு? வலி மருந்து போடறப்ப "மெலாக்ஸிகாமுங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவங்களுக்கு: ஒரே ஆள் நாலஞ்சு டைக்ளோ ஆம்பூல் கேட்டா எதுக்குன்னு கேளுங்க. உங்களுக்கே தெரியும் எதுக்குன்னு.

காட்டோரமா மாடு மேய்க்கிற சொந்தக்காரங்க யாராவது அந்தியூர், சத்தி, பர்கூர் பக்கம் இருந்தா அவங்களுக்கு இன்னொண்ணு சொல்லுங்க. புலியோ சிறுத்தையோ மாட்டை அடிச்சுடுச்சுன்னு ஆத்திரத்துல சடலத்துல விஷம் வைக்கிறது. அதுல சாகறது புலி மட்டும் இல்லை, மேல சுத்தற பாறுக் கூட்டமும் மொத்தமா போகும். அடிபட்ட மாட்டுக்கு வனத்துறையில இழப்பீடு கேட்கலாம். அலைய விடுவாங்கதான், தெரியும். இருந்தாலும் கேளுங்க.

கடைசியா உங்களுக்கு. பாறோட கிட்னியைக் கொன்ன அதே மருந்தை, மெடிக்கல்ல "ஒரு செட் வலி மாத்திரை"னு வாங்கித் தினமும் போட்டுட்டு, சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து கிரியாட்டினின் ஏறி என்கிட்ட வர்றவங்க நிறையப் பேர். நமக்கு அது கொல்ற விதம் வேற, மெதுவா, வருஷக் கணக்குல. டாக்டர்கிட்ட கேட்காம பத்து நாளைக்கு மேல எந்த வலி மாத்திரையும் வேண்டாம், வயசானவங்களுக்கு அஞ்சு நாள்கூட வேண்டாம். "ஊசி போட்டாத்தான் கேட்கும்"னு என்கிட்ட சண்டை போடாதீங்க.

கமெண்ட்ல ஒரு உதவி பண்ணுங்க. வீட்டுல தாத்தா, அப்பத்தா, அம்மாயி இருந்தா பாறு படத்தைக் காட்டிக் கேளுங்க. பருந்துப் படமும் கூடவே காட்டுங்க, இல்லைன்னா குழப்பிடுவாங்க. எந்த ஊர்ல, எந்த மரத்துல, கடைசியா எந்த வருஷம் பார்த்தாங்க? வருஷம் ஞாபகம் இல்லைன்னா "மூத்தவன் பொறந்தப்போ", "பெரிய பஞ்சத்தப்போ"ன்னு சொல்லுவாங்க, அதையே எழுதுங்க. ராசிபுரம், சங்ககிரி, எடப்பாடி, ஆத்தூர், பரமத்தி வேலூர், எந்த ஊரா இருந்தாலும் சரி. எல்லாத்தையும் தொகுத்து ஒரு மேப்புல போட்டு இங்கயே பகிர்றேன்.

பெரியவருக்கு 1962 நம்பரைச் சீட்டுக்குப் பின்னால எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாசம் மூட்டு வலிக்கு வருவார். மாடு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்.